சோலையும் புல்லும்: மேற்குமலை உச்சிகளின் உயிர்ச்சமூக வரலாறு

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் உச்சிப் பகுதிகளில், ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேல், சோலையும் புல்வெளியும் மாறி மாறி அமைந்துள்ளன. மலைமடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் சோலை. சரிவுகளிலும் முகடுகளிலும் புல். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை கத்தியால் அறுத்ததுபோல் தெளிவாக இருக்கிறது. வெயில் காயும் புல்லில் நடந்து வருபவர் சில அடிகளுக்குள் பகலிலும் இருண்ட, பாசி படர்ந்த மரக்கூட்டத்துக்குள் நுழைந்துவிடுவார். இடையில் இளமரங்களின் வரிசை இருக்காது.

இருபுறமும் ஒரே மழை பெய்கிறது. அடியில் ஒரே வகைப் பாறை. உயரமும் ஒன்றுதான். இருந்தும் முற்றிலும் வேறான இரண்டு உயிர்ச்சமூகங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அருகருகே நிலைத்திருக்கின்றன. இதற்குக் காரணம் தேடிய ஆய்வுகள், சூழல் எவ்வாறு தாவர விலங்குச் சமூகங்களைக் காலப்போக்கில் உருவாக்குகிறது என்ற பெரிய கேள்விக்கே விடை சொல்லும் அளவுக்கு வளர்ந்துள்ளன.

தமிழ் இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மரம், விலங்கு, பறவை, மக்கள், தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றது. நிலமும் பொழுதும் அமைந்த பிறகே அவற்றுக்குரிய உயிர்கள் அமைகின்றன என்பது அந்த வரிசையின் பொருள். இன்றைய சூழலியல் ஆராய்வதும் இந்த உறவைத்தான். ஆனால் அது பொழுதை ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. ஓர் இரவு, ஒரு கோடை, ஒரு நூற்றாண்டு, இருபதாயிரம் ஆண்டு என்று கால அளவு மாறும்போது உயிர்ச்சமூகத்தை ஆளும் காரணியும் மாறுகிறது. சோலைப் புல்வெளிகளை இந்த வரிசையில் பார்த்தால்தான் அவற்றின் கதை விளங்கும்.

மழையும் உயரமும்

எந்த இடத்தில் எந்தத் தாவரம் வளரலாம் என்பதை முதலில் சலித்துப் பிரிப்பவை மழையும் வெப்பமும். நீலகிரி மாவட்டத்துக்குள்ளேயே இதைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்கு விளிம்பில் மோதி அங்கே கொட்டித் தீர்க்கிறது. மலையின் வடக்கே உள்ள சீகூர்ப் பகுதியும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் மழைமறைவில் கிடக்கின்றன, அங்கே முட்காடு. அங்கிருந்து முதுமலை வழியாக மேற்கு நோக்கிச் சென்றால் சில பத்து கிலோமீட்டருக்குள் மழை இரண்டு மூன்று மடங்காகிறது. முட்காடு வறண்ட இலையுதிர் காடாகவும், பின்னர் ஈர இலையுதிர் காடாகவும் மாறுகிறது. தாவரம் மாறினால் அதை நம்பி வாழும் விலங்கும் மாறும். திறந்த முட்காட்டில் வெளிமான் மேய்கிறது. ஈரக்காட்டில் மலையணில் மரம்விட்டு மரம் தாவுகிறது.

உயரம் கூடினால் வெப்பம் குறையும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் வெப்பமண்டலத்துக்குள் இருந்தும் குளிர்நாட்டின் இயல்பைப் பெற்றுள்ளன. சோலை மரங்கள் குட்டையாக, முறுக்கிய கிளைகளோடு, சிறிய தடித்த இலைகளோடு வளர்வதற்குக் குளிரும் காற்றும் காரணம்.

ஆனால் மழையும் உயரமும் சோலைக்கும் புல்லுக்கும் இடையிலுள்ள எல்லையை விளக்குவதில்லை. அங்கே பெய்யும் மழை மலை முழுவதும் காடு வளரப் போதுமானது. அப்படியிருந்தும் புல் இருப்பது ஏன் என்பதே வாதத்தின் தொடக்கம்.

1938இன் வாதம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளெமெண்ட்சின் கருத்து உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் உரிய ஓர் இறுதிநிலைத் தாவரக்கூட்டம் உண்டு. இடையூறு இல்லாவிட்டால் எந்த நிலமும் படிப்படியாக அந்த நிலையை அடையும் என்பது அவர் கொள்கை. இதன்படி பார்த்தால் நீலகிரியின் இறுதிநிலை சோலை. புல்வெளி ஏதோ ஓர் இடையூறால் பாதியில் நின்ற நிலை.

1938இல் இரண்டு வனத்துறை அறிஞர்கள் இதைப் பற்றி எதிரெதிராக எழுதினர். என்.எல். போர், திரும்பத் திரும்ப மூட்டப்படும் நெருப்பே புல்லைக் காடாக விடாமல் தடுக்கிறது என்றார். சி.ஆர். ரங்கநாதன், உறைபனியே காரணம், ஆகவே புல்வெளி தன்னளவில் நிலைபெற்ற சமூகம் என்றார். இது ஏட்டளவில் நின்ற வாதமன்று. புல்வெளி பாதியில் நின்ற காடு என்றால் அங்கே மரம் நடுவது அதன் வளர்ச்சிக்கு உதவுவதாகும். அது நிலைபெற்ற சமூகம் என்றால் மரம் நடுவது அதை அழிப்பதாகும். அடுத்த அரை நூற்றாண்டில் முதல் கருத்தின் வழியில்தான் நடவு நடந்தது.

ஓர் இரவின் வேலை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதகையிலும் அவலாஞ்சியிலும் விடியற்காலையில் புல் வெள்ளைவெளேரென்று கிடக்கும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல்லின் மட்டத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது.

அதே இரவில் சில அடி தள்ளி, சோலைக்குள் உறைபனி விழுவதில்லை. நெருக்கமான இலைக்கூரை தரையின் வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கிறது. ஆகவே எல்லைக்கு உள்ளே விழுந்த விதை முளைத்துப் பிழைக்கிறது. எல்லைக்கு வெளியே, புல்லில் விழுந்த விதையும் மழைக்காலத்தில் முளைக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று இலை விட்ட கன்றின் மென்தண்டில் டிசம்பர் இரவொன்றில் நீர் உறைகிறது, திசு கிழிகிறது. வெயில் ஏறியதும் இலை கருகித் தொங்குகிறது. சோலை மரங்களில் பல, உறைபனியை அறியாத வெப்பமண்டலக் குடும்பங்களிலிருந்து வந்தவை. பக்கத்திலுள்ள புல்லுக்கோ வளர்முனை தரையோடு ஒட்டி, அடர்ந்த தூரின் நடுவில் பாதுகாப்பாக இருக்கிறது. மேலே உள்ள தாள் காய்ந்தாலும் அடுத்த மழையில் அது தழைத்துவிடும்.

நீலகிரியில் சோலைக் கன்றுகளைப் புல்வெளியில் நட்டு நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வெளிவந்தது. உறைபனிக் காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை மடிந்தன. ரங்கநாதன் பார்த்துச் சொன்னது எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அளந்து காட்டப்பட்டது.

ஆனால் உறைபனி மட்டுமே காரணம் என்றால் குளிர்காற்று தேங்கும் பள்ளத்தில் புல்லும், மேட்டில் சோலையும் அல்லவா இருக்க வேண்டும்? உண்மை நிலை இதற்கு நேர்மாறு. மலைமடிப்புகளில் மண் ஆழம், ஈரம் வற்றுவதில்லை, பெருங்காற்றும் எட்டுவதில்லை. சோலை அங்கே முதலில் வேரூன்றியதற்கு இவை காரணம். வேரூன்றிய பின் அது தன் கூரையால் தன்னையே காத்துக்கொள்கிறது. ஆக, சோலையின் இடத்தை மண்ணும் நீரும் முடிவு செய்தன. அதன் எல்லையை உறைபனி காவல் காக்கிறது.

நெருப்பும் மேய்ச்சலும்

பனியில் கருகிய புல் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்து நிற்கிறது. தீ பிடித்தால் சரசரவென்று ஓடும். ஆனால் நெடுநேரம் எரியாது. புல்லின் வேர் பிழைத்துவிடும். சோலை விளிம்பை எட்டியதும் ஈர இலைச்சருகில் தீ அவிந்துவிடும். இடையில் தப்பிப் பிழைத்த மரக்கன்றுகள் மட்டுமே மாள்கின்றன. பனி விட்டதைத் தீ முடிக்கிறது. இவ்விரண்டையும் தாங்கிப் புல்வெளியின் நடுவே தனித்து நிற்கும் மரம் ஒன்றுண்டு: காட்டுப்பூவரசு. தடித்த பட்டை போர்த்திய இந்த மரம் குளிர்காலத்தில் செக்கச்செவேலென்று பூக்கிறது. ரோடோடென்ட்ரான் இனமான இதன் உறவினங்கள் இமயமலையில் பெருகிக் கிடக்கின்றன.

நீலகிரியின் பழங்குடியினரான தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகப் புல்வெளியை முறையாக எரித்துவந்தனர். எரித்த இடத்தில் இளம்புல் துளிர்க்கும். வரையாடு, கடமான், காட்டெருது ஆகியவையும் அங்கே வந்து மேயும். மேய்ச்சலும் நெருப்பும் அளவோடு இருக்கும்வரை புல்வெளியின் பல்வகைமை குறைவதில்லை. அங்கே புல் ஓங்கி வளர்ந்து மற்றச் சிறுசெடிகளை மூடிவிடுவதில்லை.

இந்தப் புல்வெளிக்குரிய புதர்தான் நீலக்குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுகள் பூக்காமல் வளர்ந்து, ஒரே பருவத்தில் மலை முழுக்கப் பூத்து, விதையிட்டு மடிகிறது. 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. ஒரே நேரத்தில் ஏராளமான விதையை உதிர்ப்பதால் தின்பவை தின்று தீர்த்த பிறகும் முளைக்க மீதி இருக்கும் என்பது இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

நெருப்பு, உறைபனி, மண், மேய்ச்சல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அதனால் ஒரே தட்பவெப்பத்தில் இரண்டு சமூகங்கள் நிலைபெற முடிகிறது. இதைச் சூழலியலாளர்கள் மாற்று நிலைபேறு என்கின்றனர். ஒரு தட்பவெப்பத்துக்கு ஓர் இறுதிநிலை என்ற கிளெமெண்ட்சின் கணக்கு இந்த மலைகளில் பொருந்தவில்லை.

சதுப்பில் எழுதிய இருபதாயிரம் ஆண்டு

புல்வெளி மனிதர் மூட்டிய தீயால் உண்டானதா என்ற கேள்விக்கு விடை நீலகிரியின் சதுப்புகளில் கிடைத்தது. பள்ளங்களில் நீர் தேங்கிய இடத்தில் காற்று புகாததால் மடிந்த செடிகள் முழுதாக மக்குவதில்லை. ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகப் படிந்து, கையில் எடுத்தால் கரிய பஞ்சுபோல் இருக்கும் பீட் படிவாகின்றன. மேலடுக்கு நேற்றையது, அடியில் உள்ளது பனியூழிக் காலத்தது.

வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவையும் மரங்களும் காற்றிலுள்ள கார்பனை ஈர்க்கும் முறை வேறு வேறு. கார்பன்-13 என்னும் கனமான கார்பன் அந்தப் புற்களில் சற்றுக் கூடுதலாகவும் மரங்களில் குறைவாகவும் தங்குகிறது. செடி மக்கினாலும் இந்த விகிதம் அழிவதில்லை. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் ஆர். ரமேஷ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் நீலகிரிப் படிவின் அடுக்குகளில் இதை அளந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, பருவமழை நலிந்திருந்தது. இந்த மலைகளில் புல் ஓங்கியிருந்தது. பனியூழி முடிந்து பருவமழை வலுத்தபோது மரங்கள் பெருகின. பின்னர் வறட்சி திரும்பியபோது புல் மீண்டும் பரவியது. சதுப்புகளில் கிடைத்த பழைய மகரந்தத் துகள்களும் சோலையும் புல்லும் தொன்மையானவை என்றே காட்டுகின்றன.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. புல்வெளி மனிதரின் எரியூட்டலுக்கு மிகவும் முந்தியது. தோடர்களின் தீ இருந்ததைப் பேணியதே தவிர இல்லாததை உண்டாக்கவில்லை. மற்றொன்று, எல்லை கூர்மையானது என்றாலும் அசையாதது அன்று. பருவமழை வலுக்கும்போதும் நலியும்போதும் அது முன்னும் பின்னுமாக நகர்ந்திருக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் இதில் பங்கெடுத்தது. பனியூழியில் அது பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 180 பங்காகக் குறைந்திருந்தது. அந்தக் குறைந்த அளவிலும் திறமையாகக் கார்பனை ஈர்க்கவல்ல புற்களுக்கு அது வாய்ப்பானது.

மலைத்தீவுகளின் விலங்குகள்

தாவரங்களின் எல்லை இப்படி நகர்ந்த காலத்துக்கும் வெகு முன்பே விலங்குகள் மலைக்கு மலை பிரிந்துவிட்டன. உச்சிமலையின் குளிரில் வாழப் பழகிய உயிருக்குக் கீழேயுள்ள வெப்பச் சமவெளி கடலைப் போன்றது. மலைகள் அதற்குத் தீவுகள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. சோலையின் இருண்ட தரையில் பூச்சி பிடித்துத் திரியும் சோலைக்கிளி என்னும் சிறு பறவை அந்த வெயில்வெளியைக் கடப்பதில்லை. கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். மரபணு ஆய்வுகள் இப்பிரிவு மிகப் பழையது என்று காட்டின. 2017இல் இந்தப் பறவைகளுக்கு ‘ஷோலிகோலா’ என்ற தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. தமிழ்ச் சொல்லான சோலை அந்த அறிவியல் பெயருக்குள் நிற்கிறது. மலைச் சிரிப்பான் என்னும் பறவைகளும் இதேபோல் மலைக்கு மலை வேறுபட்டுள்ளன.

புல்லுக்கும் அதற்குரிய விலங்குகள் உண்டு. நீலகிரி நெட்டைக்காலி என்னும் பறவை புல்தூரின் அடியில் கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு பகலில் திறந்த புல்வெளியில் மேய்ந்து, ஆபத்து வந்தால் செங்குத்தான பாறைக்கு ஏறிவிடுகிறது. தொலைவில் வரும் புலியையோ செந்நாயையோ முன்கூட்டியே பார்க்க முடிவதுதான் அதன் பாதுகாப்பு. புல்வெளியும் பாறையும் அடுத்தடுத்து இல்லாத இடத்தில் அது வாழ்வதில்லை. உலகில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே அது இருக்கிறது. 2024இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் பதிவாயின.

இருநூறு ஆண்டுகளின் மாற்றம்

1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரி மேல்தளத்துக்கு வந்தார். அதன் பிறகு மாற்றம் விரைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும், மலைமக்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டசும் 1840களுக்குள் வந்துசேர்ந்தன. தேயிலையும் உருளைக்கிழங்கும் மேல்தளத்தில் பரவின. விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப்பட்டைக்கும், இழை உற்பத்திக்கான மரக்கூழுக்கும் தேவை பெருகியது. வனத்துறை புல்வெளிகளில் பெருமளவில் சீகையும் யூகலிப்டசும் பைனும் நட்டது.

சோலை மரத்தைப் புல்லில் நுழையவிடாத காவல் இந்த மரங்களுக்கு முன் தோற்றது. சீகையின் தாயகமான தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் உறைபனியும் உண்டு, காட்டுத்தீயும் உண்டு. பனியில் அதன் கன்று பிழைக்கிறது. வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் ஏழைமண்ணிலும் அது செழிக்கிறது. கடினமான தோல் கொண்ட விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ பட்டால் தோல் வெடித்துக் கூட்டமாக முளைக்கும். புல்லைக் காத்த உறைபனியும் நெருப்பும் இப்படிப் புல்லின் பகைவனுக்கு வழிவிட்டன.

விளைவு பெரியது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, 1973 முதல் 2014 வரை பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் காட்டியது. நீரும் குறைந்தது. மழையை மெல்ல உள்வாங்கிக் கோடையிலும் கசியவிடுவது புல்லும் அதன் அடியிலுள்ள சதுப்பும். நீலகிரியின் கிளென்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பையும் யூகலிப்டஸ் நட்ட நீர்ப்பிடிப்பையும் உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் பல்லாண்டுகள் ஒப்பிட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. பவானியும் பைக்காராவும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன; அந்த இழப்பு சமவெளி வரை போகிறது. சீகைக் காடு நெருங்கிய இடங்களில் நெட்டைக்காலி காணாமற்போனது. வரையாட்டு மந்தைகள் ஒன்றையொன்று எட்ட முடியாதபடி துண்டுபட்டன.

வெப்பம் கூடும் காலம்

இப்போது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 420 பங்கைத் தாண்டிவிட்டது. பனியூழியில் இருந்ததைப் போல இரு மடங்குக்கும் மேல். இது மரங்களுக்குச் சாதகம். இரவு வெப்பம் உயர்ந்தால் உறைபனி இரவுகள் குறையும். எல்லையின் காவல் தளரும். பனி தளர்ந்த இடத்தில் முதலில் நுழையப்போவது மெல்ல வளரும் சோலை மரமா, விரைந்து பரவும் சீகையா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. குளிரை நம்பி வாழும் உயிர்கள் மேலே ஏறித் தப்பலாம் என்றால், உச்சிக்கு மேல் மலை இல்லை.

மீட்பின் பாடங்கள்

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வகுத்தது. ஆனால் மரத்தை வெட்டுவது மட்டும் மீட்பாகாது. முதிர்ந்த சீகைத் தோப்பை ஒரேயடியாக வெட்டினால் வெயில் பட்டு, மண்ணில் உறங்கும் விதையெல்லாம் முளைத்து முன்பைவிட நெருக்கமாக எழும். கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கி, அதே மலையின் புல்லை நாற்றங்காலில் வளர்த்துத் தூர் தூராக நட வேண்டும்.

பழைய சீகைத் தோப்புகளில் எதிர்பாராத ஒன்றும் நடக்கிறது. பராமரிப்பின்றி விடப்பட்ட தோப்பின் நிழல் உறைபனியைத் தடுப்பதால், பறவைகள் கொண்டுவந்த சோலை விதைகள் அங்கே முளைத்து வளர்கின்றன. ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து பொருந்தாது. சோலை துளிர்க்கும் முதிர்ந்த தோப்பைத் தொடாமல் விடுவது நல்லது. சீகை இப்போதுதான் நுழையும் புல்வெளி விளிம்பில் அதை உடனே களைய வேண்டும். எஞ்சிய புல்வெளியைக் காப்பது இழந்ததை மீட்பதைவிடச் செலவு குறைந்தது, உறுதியானது.

ஓர் இரவின் பனி, ஒரு கோடையின் தீ, இருபதாயிரம் ஆண்டுப் பருவமழை, அதற்கும் முந்திய மலைப்பிரிவு ஆகிய அனைத்தும் சேர்ந்து அமைத்தது இந்தச் சமூகம். இவற்றில் எந்த ஒன்றை மட்டும் பார்த்தாலும் புல்வெளி வெற்றிடமாகவே தோன்றும். வெற்றிடம் என்று கருதித்தான் அதில் மரம் நட்டார்கள். சோலை நிற்கும் மலையில் புல்வெளிக்கும் அதே உரிமை உண்டு. அங்கே மரம் நடுவது காடு வளர்ப்பு ஆகாது. இருபதாயிரம் ஆண்டு வாழ்ந்த ஒரு சமூகத்தை அழிப்பதாகும்.